சிலோன் ரேடியோ: மலையில் சீண்டல் வேர்பிடிக்கும் விதம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், வளர்ந்தவன் நான். 1983இல் ஆறாம் வகுப்பு. அந்த வருடம் எங்கள் வகுப்பில் ஒரு பையன் புதிதாக வந்து சேர்ந்தான். இலங்கையில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் இருந்துவிட்டு மலைக்கு வந்த குடும்பம். தமிழ்ப் பாடத்தை அவன் வாசித்தால் ஒரு எழுத்துகூடப் பிசகாது. ஒருநாள் தமிழய்யா, “அடடா, சிலோன் ரேடியோ கேட்ட மாதிரியே இருக்குடா” என்றார். மனதாரத்தான் பாராட்டினார். சிலோன் ரேடியோ அறிவிப்பாளர்களின் தமிழுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு மரியாதை.

மதியச் சாப்பாட்டுக்குள் அது பட்டப்பெயராகிவிட்டது. கூப்பிடுவதோடு நிற்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸின் கடைசி சீட்டில் அவனை நடுவில் உட்காரவைத்து, காதைத் திருகி ஸ்டேஷன் மாற்றுவார்கள். வலது காது என்றால் பாட்டு, இடது காது என்றால் செய்தி. அவனும் சிரித்துக்கொண்டேதான் பாடுவான். தமிழய்யா ஒருமுறை அதே பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தார்; பாட்டைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். ஏழாம் வகுப்புப் பாதியில் அவன் வருவது நின்றுபோனது. கேரட் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறான் என்றார்கள்.

நான் ஒருநாளும் அவன் காதைத் திருகியதில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரியது என்பது வெகுநாள் கழித்து, இதைப் பற்றிய ஆராய்ச்சிகளைப் படித்தபோதுதான் தெரிந்தது.

ஆங்கிலத்தில் புல்லியிங் என்கிறார்கள். தமிழில் இதற்கென்று ஒரே சொல் அமையவில்லை. கேலி, கிண்டல், நக்கல், ஓட்டுவது, கலாய்ப்பது, வம்பிழுப்பது என்று பல இருக்கின்றன. பாதிக்கு மேல் நட்புக்குள்ளும் புழங்குகிற சொற்கள். அதனால் புகார் சொல்லப் போகிற பிள்ளை வாயைத் திறக்கும்போதே பாதி வழக்கில் தோற்றுவிடுகிறது. “என்னைக் கிண்டல் பண்றாங்க சார்.” “அதுக்கென்னடா, நீயும் பண்ணு.” இலங்கைத் தமிழர் ராகிங்கை ‘பகடிவதை’ என்கிறார்கள். பகடியும் வதையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் பகடியை மட்டும் வைத்துக்கொண்டு வதையைக் கழித்துவிட்டோம். இங்கே ‘சீண்டல்’ என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் வதையையும் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

சண்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சண்டை என்றால் காய் விடுவார்கள், நாலு நாளில் பழம் விடுவார்கள். யார் வேண்டுமானாலும் காய் விடலாம், யார் வேண்டுமானாலும் பழம் விடலாம். சீண்டலில் அந்த உரிமை ஒரு பக்கத்துக்குத்தான். 1970களில் ஸ்காண்டிநேவியப் பள்ளிகளில் இதை முறையாக ஆராயத் தொடங்கிய டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் மூன்று அடையாளங்களைச் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்கிறவருக்கும் படுகிறவருக்கும் பலம் சமமாக இல்லாதது. 1982 கடைசியில் நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். காரணம் சீண்டல் என்று தெரிந்ததும் நாடே அதிர்ந்தது. மறுவருடமே அரசு நாடு முழுவதும் பள்ளிகளில் இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரப் பள்ளிகளில் தன் திட்டத்தை நடத்திப் பார்த்த ஒல்வேயஸ், சீண்டல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாகக் கணக்குக் காட்டினார். பிள்ளைகள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று நாம் கைவிட்ட ஒரு விஷயம் பெரியவர்கள் மனது வைத்தால் குறையும் என்று தெரிந்தது அப்போதுதான்.

அதற்கு முன்பு அங்கே இதற்கு ‘மாபிங்’ என்ற சொல் புழங்கியது. சின்னப் பறவைகள் கூட்டம் சேர்ந்து பெரிய பறவையைச் சூழ்ந்து விரட்டுவதற்கு விலங்கு ஆய்வாளர்கள் வைத்திருந்த பெயர் அது. பட்டப்பகலில் சில்வர் ஓக் கிளையில் சிக்கிய ஆந்தையைக் கொண்டைக்குருவிகள் படுத்தும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆனால் ஒல்வேயஸுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. கூட்டம் முழுவதும் கொத்துவதில்லை. கொத்துவது ஒன்றிரண்டு, மற்றவை சுற்றி நிற்கின்றன என்றார். கடைசி சீட்டை நினைத்தால் அவர் சொன்னது சரிதான். திருகியது இரண்டே பேர்.

பலம் என்றவுடன் உடம்பு பலம் என்று நினைக்கிறோம். வயது, சாதி, காசு, பேசும் மொழி, ஆள் எண்ணிக்கை எல்லாமே பலம்தான். மலையில் இன்னொன்றும் உண்டு, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: விலகிப் போக வழி இருப்பது.

கோயம்புத்தூரில் ஒரு பள்ளி சரிப்படவில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொரு பள்ளி. எங்கள் லைனில் ஏழே முக்காலுக்கு ஒரு பஸ். அதை விட்டால் பத்தரைக்குத்தான். நடந்துவிடலாம் என்றால் குறுக்குப் பாதையில் காட்டுமாடு நிற்கும். ஆக, காதைத் திருகுகிறவனும் திருகப்படுகிறவனும் ஒரே பஸ்ஸில் ஏறியாக வேண்டும், ஒரே பள்ளிக்கூடம், திரும்பி வந்தால் ஒரே பொதுக்குழாய். இரண்டு பேரின் அப்பாவும் ஒரே மேஸ்திரிக்குக் கீழே வேலை. வீட்டில் போய்ச் சொன்னால் பிரச்சினை லைனுக்குள் வரும் என்று பத்து வயதிலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. படுகர் ஊரான ஹட்டியில் என்றால் இன்னும் மோசம். ஏதோ ஒரு வகையில் எல்லோரும் சொந்தம். விடுதிப் பள்ளிகளில் பஸ்கூடக் கிடையாது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் அங்கே நாளே ஆரம்பிக்கிறது.

அந்தச் சிலோன் பையனைப் போல வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அவர்களில் பலருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. 1976இல் அவை டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் கீழ் வந்தன. மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இன்றும் சில இடங்களில் ‘சிலோன்காரன்’ என்பது ஊர்ப்பெயராக இல்லாமல் வசவாகவே ஒலிக்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வீட்டில் பேசுகிற மொழி ஒன்று, வகுப்பில் கேட்கிற மொழி இன்னொன்று. வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள் என்று வாயை மூடிக்கொள்கிற பிள்ளையை ஆசிரியர் ‘மந்தம்’ என்கிறார். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே வழி பள்ளிக்கூடத்தையே விட்டுவிடுவது. அப்புறம் ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்று ஒரு வரியில் கதை முடியும்.

யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுவதும் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் ஒரு மாதத்துக்குள் ஒரு தடவையாவது சீண்டலுக்கு ஆளாகிறார் என்கிறது. லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டது இதைவிடக் கனமானது. 1958இல் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவந்த ஒரு திட்டத்தின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் அடிக்கடி சீண்டப்பட்டவர்களுக்கு ஐம்பது வயதிலும் மனச்சோர்வும் உடல்நலக் குறைவும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. ‘வளர்ந்தா மறந்துடும்’ என்பது ஆறுதல் வார்த்தை, அவ்வளவுதான்.

சரி, சிரித்தவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஃபின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற ஆய்வாளர் 1996இல் ஒரு வகுப்பறையைப் பிரித்துக் காட்டினார். சீண்டுகிறவன், அவனுக்குக் கைகொடுப்பவன், சிரித்து ஏற்றிவிடுகிறவன், ஒதுங்கி நிற்பவன், படுகிறவனுக்குத் துணை நிற்பவன். சீண்டுகிறவனுக்கு வேண்டியது படுகிறவனின் கண்ணீர் இல்லை, மற்றவர்களின் பார்வை. ஆளில்லாத பஸ்ஸில் யாரும் யார் காதையும் திருகுவதில்லை. அதனால் ஃபின்லாந்தின் ‘கிவா’ திட்டம் சீண்டுகிறவனைத் திருத்துவதோடு நிற்காமல் சிரிப்பவர்களிடமும் பேசுகிறது.

கனடாவில் பள்ளி விளையாட்டு மைதானங்களில் கேமரா வைத்துப் பார்த்து 2001இல் எழுதிய ஓர் ஆய்வு உண்டு. சீண்டல் நடக்கும்போது பத்துக்கு ஒன்பது தடவை வேறு பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். ஐந்தில் ஒரு தடவைக்கும் குறைவாகத்தான் யாராவது குறுக்கிட்டார்கள். ஆனால் குறுக்கிட்டபோது பாதிக்கு மேல் பத்தே விநாடியில் சீண்டல் நின்றது. பத்து விநாடி! எங்கள் பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவைத் திரும்பும் நேரம்கூட இல்லை. “விடுடா, இறங்குற இடம் வருது” என்று நான் சொல்லியிருந்தால் போதுமாயிருந்திருக்கும். வீரம் ஒன்றும் தேவைப்பட்டிருக்காது.

பெற்றோர் பக்கம் இரண்டு பழைய வைத்தியங்கள் இருக்கின்றன. ஒன்று, ‘கண்டுக்காத’. மற்றது, ‘திருப்பி ஒண்ணு வை’. முதலாவது, ஒன்றிரண்டு பேச்சுக்குச் சரிப்படலாம். ஐந்து மாதமாக நடப்பதைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடிந்த பிள்ளை உங்களிடம் சொல்லவே வந்திருக்காது. இரண்டாவது, பலம் சமமாக இல்லாத இடத்தில் பிள்ளையை இன்னும் அடி வாங்க அனுப்புவது. தப்பித் தவறி நன்றாக அடித்துவிட்டால் தலைமை ஆசிரியர் அறைக்கு முதலில் போகிறவனும் அவன்தான்.

பல பிள்ளைகள் சொல்வதே இல்லை. அதனால் வேறு இடத்தில் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் லைனில் ஒரு பையன் போன குளிர்காலத்தில் மூன்று ஸ்வெட்டர் தொலைத்தான். ஊட்டிப் பக்கம் டிசம்பரில் புல் மேல் உறைபனி விழும். ஸ்வெட்டர் இல்லாமல் பிள்ளை வெடவெடவென்று வீட்டுக்கு வந்தால் எந்த அம்மாவுக்குத்தான் கோபம் வராது? “பொறுப்பே இல்ல, காசு என்ன மரத்துலயா காய்க்குது” என்று மூன்று தடவையும் அவனுக்குத்தான் திட்டு. பஸ் ஜன்னலில் படியும் ஈரத்தைத் துடைக்க அதைப் பிடுங்குகிறார்கள், துடைத்துவிட்டு வளைவில் வெளியே எறிகிறார்கள் என்பது மூன்றாவது ஸ்வெட்டருக்குப் பிறகுதான் தெரிந்தது. அவனே சொல்லவில்லை. அவன் தங்கை சொன்னாள். தொலைகிற பொருள், திங்கட்கிழமை வயிற்றுவலி, பஸ் வேண்டாம் என்ற அடம், திரும்பி வரும்வரை பாத்ரூம் போகாமல் அடக்கிக்கொண்டு வருவது. இவற்றில் ஒன்று வாரக்கணக்கில் தொடர்ந்தால் ‘யார் என்ன பண்றாங்க?’ என்று கேட்காதீர்கள். ‘பஸ்ல எந்த சீட்டுல உக்கார்ற, பக்கத்துல யாரு?’ என்று கேளுங்கள். பதில் வரும்.

பள்ளிகள் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியம் எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை. இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்து, ‘சாரி சொல்லு, கை குடு, இனிமே ஃப்ரெண்ட்ஸ்’ என்று அனுப்புவது. அது சண்டைக்கு மருந்து. சீண்டலில், படுகிறவன் தன்னைச் சீண்டுகிறவன் முகத்துக்கு நேராக நின்று சாட்சி சொல்ல வேண்டியதாகிறது. சாயங்காலம் பஸ்ஸில் அதற்கு வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். படுகிறவனிடம் முதலில், அவன் பெயரை வெளியே விடாமல். பார்த்தவர்களிடமும் பேச வேண்டும். அப்புறம் ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த மறுபடி கேட்பதுதான்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. யாரை இடம் மாற்றுகிறார்கள் என்று கவனியுங்கள். ‘உங்க பையனை பி செக்‌ஷனுக்கு மாத்திடறோம்’, ‘வேணும்னா டிசி வாங்கிக்கோங்க’, ‘நீ முன்னாடி சீட்டுல உக்காந்துக்கோ’. எல்லாமே படுகிறவனுக்குத்தான். நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் நாற்பது பிள்ளைகளும் ஒரு பாடம் படித்துக்கொள்கிறார்கள்: இடம் அவனுடையது, போக வேண்டியவன் இவன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியில் வந்ததுதான் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். இதில் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு உண்டு. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர், அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததாகவே கருதப்படுவார். புகாரைக் கேட்டும் பேசாமல் இருந்த பெரியவர்களையும் கணக்கில் சேர்க்கிற சட்டம் என்று இதைச் சொல்லலாம். அந்த வழக்கே சுலபமாக முடியவில்லை. கீழ்நீதிமன்றம் தண்டித்தது, 2001இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

சீண்டுவது ஆசிரியராக இருந்தால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு. உடல்ரீதியான தண்டனை, மனரீதியான துன்புறுத்தல் இரண்டையும் அது தடை செய்கிறது. அடிப்பது தப்பு என்று இன்று எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். வகுப்பு முழுவதையும் சிரிக்கவைத்து ஒருவனை உட்காரவைப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது என்பது தெரிந்தவர்கள் குறைவு. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளைச் சாதியைச் சொல்லிப் பலர் முன் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முன் அவர் தன்னைச் சீண்டுகிறார்கள் என்று பள்ளியில் சொல்லியிருந்தார். அதைத் தொடர்ந்து அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் வருகைப் பதிவேடு வரை அதில் பேசியிருக்கிறார்கள்.

அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு புகார்ப் பெட்டி இருக்கும். பெட்டி தலைமை ஆசிரியர் அறை வாசலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருந்தால் எந்தப் பிள்ளை சீட்டு போடும்? படிக்கட்டுத் திருப்பத்தில் வைக்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான எண் 1098, மனம் மிகவும் சோர்ந்துபோனால் 14416. இந்த மூன்றையும் பிள்ளையின் நோட்டுப் பின்னட்டையில் எழுதிவைத்தால் போதும்.

இனி வேலை செய்யும் இடம். கடைசி சீட்டுப் பையன்கள் வளர்ந்து சூப்பர்வைசர் ஆகிறார்கள் என்று சொன்னால் அது கதைக்கு அழகாக இருக்கும். உண்மை அப்படி நேர்க்கோட்டில் போவதில்லை. ஆனால் அந்த இடத்தின் அமைப்பு அதேதான். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லைன் வீடு. வேலையை விட்டால் கூரையும் போச்சு, பிள்ளையின் பள்ளிக்கூடமும் போச்சு. விலகிப் போக வழி இல்லாதவரை என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்வார் என்று மேலே இருப்பவருக்குத் தெரியும்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். ஒரு சனிக்கிழமை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தது இது. மதிய எடை. பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நிற்கிறார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொரு சாக்காகத் தராசில் மாட்டி, எடை சொல்லி, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு போட்டு எழுதுகிறார். ஒரு அக்காவின் முறை வந்தது. சூப்பர்வைசர் அவர் சாக்குக்குள் கையை விட்டு இரண்டு இலையை எடுத்தார். “முத்தின இலை.” சாக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் கொட்டினார். “பொறுக்கிட்டு வா, அப்புறம் நிறுக்கலாம்.” அப்படி இரண்டு இலை எல்லார் சாக்கிலும் இருக்கும். போன மாதம் துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர், வந்திருந்தபோது, கழிவு ஏன் இத்தனை கிலோ என்று கேட்டவர் அந்த அக்கா. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் அவர் சாக்கு மட்டும் கொட்டப்படும். பொறுக்கி முடிப்பதற்குள் மதிய வேலைக்கு நேரமாகிவிடும். நேரமானால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

அந்த அக்கா குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். வரிசை தலையைத் திருப்பிக்கொண்டது. என் அம்மா தன் சாக்கைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். அப்புறம் நாலைந்து பேர். வரிசையே இல்லை. காலித் தராசோடு நின்றுகொண்டிருந்த சூப்பர்வைசர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் சாக்கைக் கொட்டவில்லை. அதற்காக அந்த அக்காவுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். செங்குத்தான சரிவில், அட்டை அதிகமான செடி வரிசையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். பலர் முன்னால் செய்ய முடியாததைத் தனியாகச் செய்தார்கள்.

ஹைன்ஸ் லேமன் என்பவர் 1980களில் ஸ்வீடனில் வேலையிடச் சீண்டலை ஆராய்ந்தவர். வாரத்துக்கு ஒரு முறையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்தால்தான் அதை அந்தப் பெயரால் சொல்ல வேண்டும் என்று அளவு வைத்தார். அவர் தொகுத்த 45 விதமான செயல்களில் கத்துவதும் திட்டுவதும் கொஞ்சம்தான். பேச்சை நிறுத்துவது, கூப்பிடாமல் விடுவது, தகுதிக்குக் குறைந்த வேலை கொடுப்பது, வேலையே கொடுக்காமல் உட்காரவைப்பது என்று சத்தமில்லாதவையும் அதில் ஏராளம். நம் ஊர்களில் மிகப் பெரிய தண்டனை அடியோ அபராதமோ இல்லை, ஊரை விட்டு ஒதுக்கி வைப்பதுதான். நெருப்பும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது என்பார்கள். ஒதுக்குவது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துதான் அதைக் கடைசித் தண்டனையாக வைத்திருந்தார்கள். அதையே ஒரு ஆபீஸ் வாட்ஸாப் குழு இரண்டு தட்டலில் செய்துவிடுகிறது.

எனக்கும் அது நடந்தது. இருபது வருடம் முன்பு, குன்னூரில் ஒரு ஆபீஸ். ஒரு கணக்கில் தப்பு இருப்பதை மேலிடத்துக்குச் சொன்னேன். அதிலிருந்து எட்டு மாதம் என் மேஜைக்கு ஃபைல் வரவில்லை. பதினோரு மணிக்கு எல்லோரும் எழுந்து டீக்கடைக்குப் போவார்கள், ‘வரியா?’ என்று கேட்க மாட்டார்கள். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. புகார் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது? ‘டீ குடிக்கக் கூப்பிடவில்லை’ என்றா? சுற்றிலும் தேயிலைத் தோட்டம் உள்ள ஊரில் டீக்கு ஏங்கிய கதை என்று இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது ராத்திரி தூக்கம் வராது.

அந்த எட்டு மாதத்தில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஒரு பழைய டயரியில் எழுதிவந்தது. தேதி, மணி, என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள். கோபம், சாபம் எதுவும் இல்லாமல் அவ்வளவு மட்டும். ஒவ்வொன்றாகச் சொன்னால் அற்பம். நாற்பது பதிவுகளை அடுக்கி வைத்தால் அது வேறு. கடைசியில் மேலிடத்தில் பேசியது அந்த டயரிதான். இன்றைக்கு ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது, ட்யூட்டி சார்ட்டைப் போட்டோ எடுத்து வைக்கலாம். சீசன் நேரத்தில் ஊட்டி லாட்ஜ்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: மூன்றாம் மாடி முழுக்கத் தொடர்ந்து உன் ஒருத்திக்கே விழுகிறதா, தினமும் சார்ட்டைப் படம் பிடி. வாயால் சொன்ன உத்தரவை, ‘நீங்கள் சொன்னபடி’ என்று ஒரு வரியில் மெசேஜாகத் திருப்பி அனுப்பு. புகார் கொடுத்தால் நகலில் கையெழுத்து வாங்கு. கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபால்.

வேலையிடச் சீண்டலுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. இருக்கிற சட்டங்களில் பொருந்துவதைத்தான் தேட வேண்டும். பாலியல் நோக்கமுள்ளது என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த ஆட்கள் உள்ள கடை, ஹோம்ஸ்டே, வீட்டு வேலை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காரணம் சரியாக இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். மற்ற வகைச் சீண்டலுக்கு, இருபது பேருக்குக் குறையாத தொழில் நிறுவனங்களில் குறைதீர்க் குழு வைக்கச் சொல்கிறது சட்டம். தோட்டங்களில் தொழிற்சங்கம் இருக்கிறது. சங்கத்துக்காரரே சூப்பர்வைசரின் மச்சானாக இருந்தால், தொழிலாளர் துறை அலுவலகம். சின்ன ஊரில் இந்த ‘மச்சான்’ பிரச்சினை நிஜமான பிரச்சினை. எழுத்தில் கொடுப்பதற்கும் மலைக்கு வெளியே ஒரு நகல் போவதற்கும் அதுவே காரணம்.

இங்கேயும் இடம் மாற்றப்படுவது பெரும்பாலும் படுகிறவர்தான். ‘உனக்கு நல்லதுதானே, வேற டிவிஷனுக்குப் போயிடு’ என்பார்கள். போவதில் தப்பில்லை, உடம்பும் மனசும் முக்கியம். ஆனால் போவதற்கு முன் காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவருக்கு ஒரு காகிதமாவது மிஞ்சும்.

ஸ்வெட்டர் பையன் விஷயத்தை முடிக்கவில்லை. அவன் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. நேராக பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் யாரையும் திட்டவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை. மறுநாள் காலை கடைசி சீட்டில் இருந்தவர்களில் உயரமானவனைப் பார்த்து, “தம்பி, இங்க வா. இனிமே உன் இடம் என் பக்கத்துல. ஸ்டாப் பேரைச் சத்தமாச் சொல்லு, விசில் நான் அடிச்சுக்கறேன்” என்றார். அவன் முதலில் முறைத்தான். நாலாவது ஸ்டாப் தாண்டியதும் தொண்டை திறந்துவிட்டது. கடைசி சீட்டு கலைந்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். ஸ்வெட்டர் பையன் மட்டும் இன்னும் அங்கேதான், ஜன்னலோரம். ஜனவரியில் வாங்கிய நாலாவது ஸ்வெட்டர் இப்போது முழங்கையில் கிழிந்து, தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான்.